மாந்தீவும் ஹன்சனும்

மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு தொழுநோய் வைத்தியசாலையைக் காணும்போதெல்லாம் நோர்வே வைத்தியர் ஆர்மவர் ஹன்சன்தான் என் நினைவுக்கு வருவார்.

1841இல் பேர்கன் நகரில் பிறந்தவர். தொழுநோய் பரம்பரையாக வருவது என்றே அன்று பெரிய வைத்தியர்களும் நம்பினார்கள். அவர்களில் முதன்மையானவர் டானியல்சன். ஹன்சனின் மாமனாரும் அவர்தான். 1873இல் நோயாளிகளின் திசுவில் கோல் வடிவக் கிருமிகளைக் கண்ட ஹன்சன், நோய்க்குக் காரணம் வம்சமல்ல, இவைதான் என்றார். நிரூபிப்பதுதான் கஷ்டமாகிப் போனது. ஆய்வுகூடத் தட்டில் அந்தக் கிருமி வளராது, இன்றும் வளர்வதில்லை. அந்த அவசரத்தில் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், சம்மதம் கேளாமலே, நோய்ப் பொருளைச் செலுத்தினார். 1880இல் நீதிமன்றத் தீர்ப்பால் வைத்தியசாலைப் பதவியை இழந்தார். நியாயமான தீர்ப்பு. கண்டுபிடிப்பின் பெருமைக்காக அதை மறைக்க எனக்கு மனமில்லை. 1912இல் காலமானார்.

உணர்வற்ற தேமலைக் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று மூடி மறைப்பவர்கள் எமதூர்களில் இன்னமும் இருக்கிறார்கள். வம்சத்தில் ஓடும் நோயென்றால் அல்லவா சம்பந்தம் பேசுவோர் அஞ்ச வேண்டும்? இது கிருமி. இலகுவில் தொற்றாது, தொற்றினாலும் அறிகுறி தெரிய வருடங்கள் பிடிக்கும். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் எடுக்க வேண்டும். மருந்து தொடங்கியதுமே மற்றவருக்குப் பரவுவதும் நின்றுவிடும்.