சொல் காத்த சுவார்ட்ஸ் ஐயர்

பதினெட்டாம் நூற்றாண்டின் தஞ்சைத் தரணியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அரண்மனையிலே மராத்தி, வயலிலும் கடைத்தெருவிலும் தமிழ், இசையிலும் நாட்டியத்திலும் தெலுங்கு, ஆர்க்காட்டு நவாபின் அலுவலர்களிடம் பாரசீகம், படைவீரர்களிடையே இந்துஸ்தானி, கோட்டைக் காவலில் இருந்த கும்பினிச் சிப்பாய்களின் தலைவர்களிடம் ஆங்கிலம், தரங்கம்பாடிக் கடற்கரையிலே டேனிஷ், ஜெர்மன், போர்ச்சுகீசு மொழிகள். ஒரே காவிரியின் நீரைக் குடித்தவர்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் வாழ்ந்தார்கள். இடையிலே நின்றவர்கள் துபாஷிகள். ஒரு பக்கத்தின் பேச்சை மறுபக்கத்திற்கு மாற்றிச் சொல்வது அவர்கள் தொழில். மாற்றும்போது கூட்டினார்களா, குறைத்தார்களா என்பது அவர்களுக்கு மட்டுமே வெளிச்சம்.

அந்தக் காலத்தில் மன்னரிடமும், உழவரிடமும், பகைவரிடமும் இடையாள் இன்றிப் பேசி, எல்லாத் தரப்பாராலும் நம்பப்பட்ட ஒரு மனிதர் தஞ்சையில் வாழ்ந்தார். அவர் பிறப்பால் தமிழரல்லர்; இந்தியருமல்லர். கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்பது அவர் பெயர். இங்குள்ள மக்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்தனர்.

தமிழோடு வந்தவர்

1726ஆம் ஆண்டில், அந்நாளில் பிரஷிய நாட்டைச் சேர்ந்திருந்ததும் இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான சொன்னன்பர்க் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, சென்னையில் தொண்டாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே என்னும் பாதிரியாரைச் சந்தித்தார். தமிழ் விவிலியத்தை ஹாலேயில் அச்சிடச் சூல்ட்சே எண்ணியிருந்தார். அப்பணியில் துணை நிற்பதற்காகவே சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சுப்பணி கைகூடவில்லை. கற்ற தமிழோ வீண்போகவில்லை.

1750ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கடலூரில் கரையிறங்கித் தரங்கம்பாடியை அடைந்தார். நான்கு மாதங்கள் நிரம்புவதற்குள், சீகன்பால்கு கட்டிய தேவாலயத்தில் தமிழிலேயே சொற்பொழிவாற்றினார். அத்துடன் நிறைவடைந்துவிடவில்லை. இம்மக்கள் எதை வணங்குகிறார்கள், எக்கதைகளைக் கேட்டு வளர்கிறார்கள் என்று அறியாமல் அவர்களோடு பேசுவது காற்றிலே பேசுவதாகும் என உணர்ந்தார். ஆகவே தமிழிலுள்ள புராண நூல்களைப் பல ஆண்டுகள் முயன்று படித்தார். அவர் இங்கு வந்த நோக்கம் சமயப் பரப்பு. அதனை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆயினும், பேசுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

ஆளுக்கு ஒரு மொழி

1762 முதல் திருச்சிராப்பள்ளி அவருடைய பணிக்களமாயிற்று. அங்கே ஒரு பழைய கட்டடத்தின் சிற்றறையே அவருக்கு இல்லம். கட்டிலும் ஆளும் கொள்ளுமளவே அதில் இடம் இருந்தது. நம் நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும் உணவு. இவ்வூரில் நெய்த துணிக்குச் சாயமேற்றி ஆடையாக உடுத்தினார். ஐரோப்பியர் பலர் பெருஞ்செல்வம் தேடிக் கப்பலேறிய காலம் அது என்பதை மறவாதிருந்தால், இவ்வெளிமையின் பொருள் விளங்கும்.

திருச்சியில் நவாபின் ஆட்களோடு பழக வேண்டியிருந்தது, பாரசீகம் கற்றார். சாதாரண முஸ்லிம் மக்களோடு உரையாட இந்துஸ்தானி கற்றார். கோட்டையிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்காக ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டார். போர்ச்சுகீசிய வழிவந்த குடும்பங்களுக்காக அம்மொழியையும் கற்றார். பின்னர்த் தஞ்சை அரசரின் தாய்மொழியான மராத்தியையும் பயின்றார். மொழிகளைப் பட்டம்போல் அவர் சேர்க்கவில்லை. எதிரே நிற்கும் மனிதர் யாரோ, அவருக்காக ஒரு மொழி என்பதே அவர் கொண்ட கணக்கு.

1769இல் தஞ்சை மன்னர் துளஜாவை முதன்முறையாகக் கண்டபோது நிகழ்ந்ததே இதற்குச் சான்று. அரசவை வழக்கப்படி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பாரசீகத்தில் பேச்சைத் தொடங்கினார். சுவார்ட்ஸும் பாரசீகத்திலேயே விடை தந்தார். ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அம்மொழி செம்மையாக வரவில்லை என்பதைச் சிறிது நேரத்தில் உணர்ந்துகொண்டார். தமிழில் பேச மன்னரிடம் இசைவு கேட்டார். மராத்திய மன்னரும் ஜெர்மானியப் பாதிரியாரும் தமிழில் உரையாடலாயினர்! அன்று தொடங்கிய நட்பு மன்னரின் மரணம் வரை நீடித்தது. மன்னர் மதம் மாறவில்லை, நட்பும் மாறவில்லை. 1778இல் சுவார்ட்ஸ் தஞ்சையிலேயே குடியேறினார்.

ஐதர் அலியின் அவையில்

1779ஆம் ஆண்டில் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்தார். மைசூரை ஆண்ட ஐதர் அலியின் உள்ளக் கருத்தை அறிந்துவர வேண்டும். கும்பினி சமாதானத்தையே விரும்புகிறது என்று உறுதி சொல்ல வேண்டும். இதற்கு ஒரு சமயத் தொண்டரா போவது என்று சுவார்ட்ஸ் தயங்கினார். போர் மூண்டால் மடிபவர்கள் ஏழை மக்களே என்று எண்ணி இசைந்தார். கரூர், சத்தியமங்கலம் வழியாக மலையேறி, ஆகஸ்டுத் திங்களில் சீரங்கப்பட்டணத்தை அடைந்தார்.

ஐதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் பல மொழிகள் பேசக்கூடியவர். மனிதரை எடைபோடுவதில் வல்லவர். அவர் சுவார்ட்ஸை அருகில் அமர்த்தி அளவளாவினார். விடைபெறும்போது வழிச்செலவுக்காக முந்நூறு ரூபாய் அளித்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் சுவார்ட்ஸ் பெற்றுக்கொண்டார். சென்னை திரும்பியதும் அதனை அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லவே, தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை முதற்பொருளாக்கினார்.

தூது வெற்றி பெற்றதா? இல்லை. மறு ஆண்டே, 1780 ஜூலையில், ஐதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. சமாதானம் சொல்ல அவரை அனுப்பியவர்களின் நடத்தை அவருடைய சொல்லுக்கு ஒத்ததாக இல்லை. ஆயினும் ஐதர், அனுப்பியவரையும் அனுப்பப்பட்டவரையும் ஒன்றாகக் கருதவில்லை. சுவார்ட்ஸ் எங்குச் சென்றாலும் தடுக்கலாகாது என்று தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டார். ஊர்கள் எரிந்துகொண்டிருந்த அந்நாட்களில், இரு படைகளுக்கும் இடையே அவர் அச்சமின்றி நடமாடினார்.

கோட்டையில் பசி

அப்போரினால் தஞ்சையில் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடியது. நாட்டுப்புறங்களிலிருந்து ஓடிவந்த மக்களால் கோட்டை நிறைந்தது. தெருவிலே பசியால் இறந்தவர்கள் கிடந்தனர். போர் வரும் என்று கருதி முன்னமே மலிவாக வாங்கி வைத்திருந்த அரிசியைக் கொண்டு சுவார்ட்ஸ் கஞ்சி ஊற்றினார். கோட்டைப் படைக்கோ உணவில்லை. நெல் வெளியூர்களில் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை.

மாடுகள் உண்மையில் இல்லாமலில்லை. உழவர்கள் கொடுக்க மறுத்தார்கள். முன்னர் அவர்களிடம் மாடும் நெல்லும் வாங்கியவர்கள் பணம் கொடுக்கவில்லை. அரண்மனை கேட்டது, ஒருவரும் வரவில்லை. ஆங்கிலேயர் கேட்டனர், அப்போதும் வரவில்லை. அரசரும் அவரைச் சேர்ந்தவர்களும் மக்களிடம் நாணயம் இழந்துவிட்டார்கள் என்பதை அரசரே ஒப்புக்கொண்டு, அப்பொறுப்பைச் சுவார்ட்ஸிடம் விட்டார்.

அவர் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். பகைவர் மாட்டைப் பிடித்துக்கொண்டால் தம் கையாலேயே விலை தருவதாக உறுதி கூறினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன! நெல்லும் வந்தது, கோட்டை பிழைத்தது. வந்தவர்களுக்குரிய பணத்தை எண்ணிக் கொடுத்து, மேலே சிறு அன்பளிப்பும் தந்து, வீட்டுக்கு அனுப்பினார். மீண்டும் அதே நெருக்கடி நேர்ந்தபோது, மீண்டும் அவர் அழைத்தார். அவர்கள் மீண்டும் வந்தார்கள்.

அரண்மனையாருக்குத் தமிழ் தெரியாமலா இருந்தது? கணக்கர்களுக்கும் துபாஷிகளுக்கும் உழவரின் பேச்சு விளங்காமலா இருந்தது? மொழி எல்லாரிடமும் இருந்தது. சொன்னதைச் செய்வார் என்ற நம்பிக்கை ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

போர் ஓய்ந்த பின்னும் தஞ்சை மக்களின் துயர் ஓயவில்லை. வரிக்கொடுமை தாளாமல் குடியானவர்கள் நிலங்களை விட்டு வெளியேறினார்கள். அரசர் பரிவுடன் நடத்துவதாக வாக்களித்தும் அவர்கள் திரும்பவில்லை. சுவார்ட்ஸ் அழைத்தபோது, ஒரே நாளில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் திரும்பி வந்தனர். பருவம் தப்பியிருந்தும், அவர் சொல்லுக்காக இராப்பகலாக உழைத்துப் பயிரிட்டனர்.

எட்டாத இடங்கள்

அவர் வாழ்வில் குறைகளும் உண்டு. 1783இல் திப்புவுடனான சமாதானப் பேச்சுக்காக மறுபடியும் புறப்பட்டபோது, சத்தியமங்கலத்தில் தடுக்கப்பட்டுத் திரும்பினார். அவருடைய நல்லெண்ணத்தால் கும்பினியின் ஆட்சிக்கும் பயன் விளைந்தது என்பதை வரலாறு மறைக்க இயலாது. அதனினும் பெரிய குறை ஒன்று: அவருடைய சபைகளில் சாதிக்குச் சாதி தனித்தனியே அமரும் வழக்கத்தை அவர் நீக்கவில்லை. பொறுமையாக நடந்தால் காலப்போக்கில் மாறும் என்று இருந்துவிட்டார். மன்னரையும் நவாபையும் எட்டிய அவர் குரல், ஒரே கூரையின் கீழிருந்த அந்த இடைவெளியைக் கடக்கவில்லை. அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1833இல், ஆயர் டேனியல் வில்சன் அவ்வழக்கத்தை எதிர்த்து ஆணையிட வேண்டியதாயிற்று.

பள்ளியும் மாணவரும்

தஞ்சையில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன் என்பவரின் முயற்சியால் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. அவற்றைச் சுவார்ட்ஸ் மேற்பார்த்தார். பிள்ளைகளை வஞ்சகமாக மதம் மாற்ற மாட்டோம் என்று பெற்றோருக்கு உறுதி அளிக்கப்பட்டது. மாற்றுச் சமயத்தார் பிள்ளைகளை நம்பி அனுப்பியதற்கு அது ஒரு காரணம்.

1787இல் துளஜா மன்னர் இறக்குமுன் சரபோஜி என்னும் சிறுவரை மகவாக ஏற்றுச் சுவார்ட்ஸின் பாதுகாப்பை வேண்டினார். அரியணையோ அமர்சிங்குக்குச் சென்றது. சிறுவருக்கு இன்னல் நேர்ந்தபோது, 1793இல் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று கல்வி பெறச் செய்தார் சுவார்ட்ஸ். அச்சிறுவரே பின்னாளில் சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி மன்னர். பல மொழி நூல்களை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்த அம்மன்னரின் உள்ளத்தில், பல மொழி பேசிய ஆசானின் நினைவு நின்றிருக்குமன்றோ?

1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் மறைந்தார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்த அவர், தாயகம் திரும்பவே இல்லை. மணமும் செய்துகொள்ளவில்லை. சரபோஜி மன்னர் கண்ணீர் வடித்தார். ஆசானுக்காக ஆங்கிலத்தில் கவிதையும் இயற்றினார். சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள தேவாலயத்தில், ஜான் பிளாக்ஸ்மன் வடித்த சலவைக்கல் சிற்பம் உள்ளது. மரணப்படுக்கையில் இருக்கும் ஆசானின் கையை இளவரசர் பற்றி நிற்கும் காட்சி அது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை வேலை தேடி ஐதராபாத்துக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் செல்வோம். அங்குள்ளோரின் மொழியைக் கற்போம், அது முதற்படி. அவர்கள் எதைப் போற்றுகிறார்கள் என்று கேட்டறிவோம். அது இரண்டாம் படி. மாடு கொடுத்த உழவருக்குக் கூலி எண்ணிக் கொடுத்தாரே, அங்கேதான் சுவார்ட்ஸ் மூன்றாம் படியை ஏறினார். அந்தப் படிக்கு இலக்கணப் புத்தகம் கிடையாது. தஞ்சைக்குச் செல்வோர் பெரிய கோயிலைக் கண்டபின், பக்கத்திலுள்ள பூங்காவைக் கடந்து அச்சிற்பத்தையும் ஒருமுறை பார்த்து வருக.