ஹெல்மெட்டுக்குக் காரணமான டாக்டர்... யார் இந்த ஹியூ கெய்ர்ன்ஸ்?

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருக்கீங்களா? படமே ஒரு பைக் விபத்துலதான் ஆரம்பிக்கும். அது நிஜத்தில் நடந்தது. 1935 மே 13. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல மோதாமலிருக்க வண்டியைத் திருப்பிய டி.இ.லாரன்ஸ் தூக்கி வீசப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. அப்போ பெரும்பாலானவங்க போட மாட்டாங்க. ஆறு நாள் கோமாவில் இருந்து, 46 வயதில் இறந்துபோனார்.

அவரைக் காப்பாற்ற வந்த டாக்டர்களில் ஒருவர்தான் ஹியூ கெய்ர்ன்ஸ். 1896-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை சிகிச்சை கற்றவர். அவ்வளவு பெரிய சர்ஜனாலும் லாரன்ஸைக் காப்பாற்ற முடியலை. ஒரு தடவை நசுங்கின மூளையை எந்தக் கத்தியாலும் சரிபண்ண முடியாது. ஆனா, அடிபடாமலே தடுக்கலாமே?

உலகப்போர் வந்தது. இங்கிலாந்தில் இரவில் தெருவிளக்கு கிடையாது. அந்த இருட்டில் ராணுவத் தகவல்களைச் சுமந்துகொண்டு பைக்கில் பறக்கும் வீரர்கள் விழுந்து விழுந்து இறந்தாங்க. கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டன் சாலைகளில் 2,279 பைக் பயணிகள் பலி. பெரும்பாலானவர்களுக்கு அடி தலையில்! ஹெல்மெட் போட்டு அடிபட்டவர்கள் அவரிடம் வந்தது வெறும் ஏழே பேர். ஏழு பேரும் பிழைச்சுட்டாங்க. ஏழு பேரை வெச்சு என்ன சொல்லிட முடியும்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா, 1941-ல் அவர் கட்டுரை வெளியான அதே வருஷம் நவம்பரில், டியூட்டியில் பைக் ஓட்டும் எல்லா வீரர்களும் ஹெல்மெட் போடணும்னு பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவு போட்டது. அதுக்கப்புறம் சாவு எண்ணிக்கை குறைஞ்சதை 1946-ல் இன்னொரு கட்டுரையில் காட்டினார்.

இது மட்டுமில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஹியூஸ் கல்லூரியையே தலைக்காய ராணுவ மருத்துவமனையா மாத்தினாங்க. அதுக்குப் பின்னால இருந்தவரும் கெய்ர்ன்ஸ்தான். போர்முனைக்குப் பக்கத்திலேயே மூளை ஆபரேஷன் செய்ய நடமாடும் குழுக்களையும் அனுப்பினார்.

1952-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயசு 56. சாதாரண மக்களும் பைக்கில் ஹெல்மெட் போட்டே ஆகணும்னு பிரிட்டனில் சட்டம் வந்தது 1973-ல்தான்.