சன்னலில் தொடங்கிய இல்லம்

மார்சிலிங் போன்ற நம் குடியிருப்பு வட்டாரங்களில், குணப்படுத்த முடியாத நோயால் படுத்திருப்பவர்களின் வீடு தேடித் தாதியர் வருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்கள் வலியைக் குறைக்க மருந்து தருகிறார்கள். நோயாளியோடும் குடும்பத்தாரோடும் அமர்ந்து பேசுகிறார்கள். இதுவே அந்திமகாலப் பராமரிப்பு. இதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

சிசிலி 1918ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள பார்னெட்டில் பிறந்தார். அவர் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. படிப்பை நிறுத்திவிட்டு, லண்டனின் புனித தாமஸ் மருத்துவமனையில் தாதிமைப் பயிற்சி பெற்றார். அப்பணி அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால், கடுமையான முதுகுவலியால் அதைத் தொடர முடியவில்லை. மனம் தளராத அவர், மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார்.

அப்போதுதான் டேவிட் தாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். போலந்திலிருந்து வந்த அகதியான அவர், புற்றுநோயால் இறக்கும் நிலையில் இருந்தார். பரபரப்பான நோயாளிக் கூடத்தில், மனம்விட்டுப் பேச அவருக்கு யாருமில்லை. சிசிலி அடிக்கடி சென்று அவருடன் பேசினார். இறுதி நாள்களை அமைதியாகக் கழிக்க ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் எண்ணினர். 1948இல் டேவிட் இறந்தபோது, அந்த இல்லத்தில் தம் நினைவாக ஒரு சன்னல் அமைய வேண்டும் என்று 500 பவுண்டு விட்டுச் சென்றார். சன்னலுக்குப் பணம் வந்துவிட்டது, இல்லம்தான் இல்லை!

அக்காலத்தில், நோயாளி வலி தாங்காமல் கேட்ட பிறகே வலிமருந்து கொடுப்பது வழக்கம். அடிக்கடி கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்று மருத்துவர்கள் அஞ்சினர். ஆனால், சிசிலி தொண்டாற்றிய புனித லூக் இல்லத்தில், தாதியர் வலி வருமுன்னரே குறித்த நேரத்தில் மருந்து கொடுத்தனர். நோயாளிகள் வேதனையின்றித் தெளிவுடன் இருந்தனர்.

இதைத் தாதி ஒருவர் எடுத்துரைத்தால் மருத்துவ உலகம் ஏற்குமா? மருத்துவராகி வந்தால்தான் ஏற்கும் என அறுவை மருத்துவர் ஒருவர் அறிவுரை கூறினார். சிசிலி 33 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1957இல் மருத்துவரானார். பிறகு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்துக் குறிப்புகள் எழுதினார். முறையாகக் கொடுக்கப்படும் வலிமருந்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதை அக்குறிப்புகளின் வழி நிறுவினார். உடல்வலியோடு மனக்கவலை, தனிமை, குடும்பத்தைப் பற்றிய ஏக்கம் ஆகியவையும் சேர்ந்ததே ஒருவரின் முழு வலி என்று விளக்கினார்.

1967இல் லண்டனில் புனித கிறிஸ்டஃபர் இல்லம் திறக்கப்பட்டது. டேவிட்டின் சன்னலும் அங்கே அமைந்தது. அதற்கு 19 ஆண்டுகள் ஆயின. அங்கே தாதியரும் மருத்துவரும் சமூகப் பணியாளரும் ஒரே குழுவாக இயங்கினர். ஈராண்டுகளில், தாதியர் நோயாளிகளின் வீடுகளுக்கும் செல்லத் தொடங்கினர். சிங்கப்பூரிலும் 1985இல் புனித ஜோசப் இல்லத்தில் 16 படுக்கைகளுடன் இப்பணி தொடங்கியது.

2005ஆம் ஆண்டு, தாம் உருவாக்கிய இல்லத்திலேயே சிசிலி காலமானார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும், மருந்தும் கருவியும் உயிரைக் காக்க இயலாத நேரங்கள் வருகின்றன. அப்போதும் வலியைத் தணிக்கலாம், கைகளைப் பற்றிக்கொள்ளலாம், சொல்வதைக் கேட்கலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடத் தேவையில்லை என்பதே அந்தத் தாதியின் வாழ்க்கை நமக்குக் கற்றுத்தரும் பாடம்.