கொடி வகுத்த வெங்கையா

பாரத நாட்டின் மூவண்ணக் கொடியை அறியாதார் இலர். அதற்கு முதல் வடிவம் அமைத்தளித்த பெரியாரை அறிந்தார் மிகச் சிலரே. அவர்தாம் பிங்கலி வெங்கையா என்னும் ஆந்திர அறிஞர்.

வெங்கையா 1876ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், மசூலிப்பட்டினத்தை அடுத்த பட்லபெனுமர்ரு என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே படையிற் சேர்ந்து, போயர் போரின்போது தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே காந்தியடிகளைக் கண்டு அவர்பால் பேரன்பு பூண்டார். தாயகம் மீண்டபின் உழவுத் துறையில் ஈடுபட்டுப் பருத்தி வகைகளை ஆராய்ந்தார். அதனால் மக்கள் அவரைப் பருத்தி வெங்கையா என்றே அழைத்தனர்.

விடுதலை வேட்கை கொண்ட மக்கள் அனைவரும் ஏற்று ஒன்றுபடுதற்குரிய கொடி ஒன்று இல்லாமை அவர் உள்ளத்தை உறுத்தியது. பல நாட்டுக் கொடிகளையும் ஆராய்ந்து, பாரதத்திற்கு ஏற்ற வடிவங்கள் பலவற்றை வரைந்து, 1916இல் நூலாக வெளியிட்டார். நாடு உடனே அவற்றை ஏற்றிலது. அவரும் சோர்ந்திலர், காங்கிரசு மாநாடுகள்தோறும் சென்று தம் கருத்தை எடுத்துரைத்தார்.

1921இல் பெசவாடாவில் காங்கிரசுக் குழு கூடியது. கொடியில் இராட்டை அமைதல் வேண்டுமென லாலா ஹன்சராஜ் என்பார் முன்னரே கூறியிருந்தார். அதனை ஏற்ற அடிகள், செம்மையும் பசுமையும் அமைந்த நிலத்தில் இராட்டை பொறித்த கொடியை வேண்டினார். வெங்கையா மூன்றே மணி நேரத்தில் அதனை ஆக்கி அளித்தார். எனினும் குழுவினர்முன் வைத்தற்குரிய காலம் கடந்துவிட்டது. அத்தாழ்வே நன்மையாய் முடிந்தது. செம்மை இந்துக்களையும் பசுமை முசுலிம்களையும் குறிக்குமாயின் ஏனையோர்க்கு இடம் யாது என எண்ணிய அடிகள், வெண்மையையும் சேர்க்கச் செய்தார்.

நாளடைவில் நிறங்களைச் சமயங்களோடு பிணைத்தமையாற் பூசல் விளைந்தது. சீக்கியர் தமக்கும் ஒரு நிறம் வேண்டினர். ஆகவே 1931இல் காங்கிரசு, செம்மைக்கு ஈடாகக் காவியை மேலே அமைத்து, நிறங்களுக்குப் புதுப் பொருள் வகுத்தது. காவி வீரத்தையும் தியாகத்தையும், வெண்மை வாய்மையையும் அமைதியையும், பசுமை நம்பிக்கையையும் ஆண்மையையும் குறிக்கும் எனத் தெளிவித்தது. அதனால் எந்நிறமும் எல்லார்க்கும் உரியதாயிற்று.

1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை இம்மூவண்ணத்தை நாட்டுக் கொடியாக ஏற்றது. இராட்டை இருந்த இடத்தில், அசோகர் நிறுவிய சாரநாத்துத் தூணின் அறவாழி, 24 ஆரங்களோடு கருநீல நிறத்தில் அமைந்தது. அறவழி நில்லாத ஆட்சி நிலைக்காது என்பதும், இயக்கமே வாழ்வு என்பதும் அவ்வாழி உணர்த்தும் உண்மைகளாம்.

வெங்கையா வரைந்த செம்மையும் இராட்டையும் நீங்கின. பல்வேறு மக்களும் ஒரு கொடியின்கீழ் நிற்றல் வேண்டும் என்ற அவர்தம் எண்ணமோ நிலைத்தது. நாட்டுக்குக் கொடி வகுத்தளித்த அவர், முதுமையை வறுமையிற் கழித்து, 1963ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் மறைந்தார். 2009இல் அரசினர் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டனர். கொடியை வணங்குந்தோறும், பயன் கருதாது உழைத்த அப்பெரியாரையும் நினைந்து போற்றுதல் நம் கடனாகும்.