தமிழில் வைத்தியம் தந்த கிறீன்

குருவிட்டத் தேயிலைத் தோட்டங்களின் அயலிலே ஆசிரியத் தொழில் புரியும் யாம், இம்மலருக்குப் பழம்புலவர் ஒருவரின் சரிதையை எழுதவே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது சிறு நிகழ்ச்சியொன்று. லயத்திலிருந்து கிளினிக்குக்கு வந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு, முகம் வீங்கித் தலையிடி கண்டால் தாமதியாது வருதல் வேண்டுமென, அவள் அறியாத மொழியிலே சொல்லப்பட்டது. அவள் தலையசைத்தாள். எம்மிடம் ஐந்தாம் வகுப்பிற் பயிலும் அவள் மகள், தனக்கு விளங்கிய பாதியைத் தாய்க்குத் தமிழிற் கூறினாள். மற்றப் பாதி என்னாயிற்று? அன்றிரவு எம் நினைவில் வந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அவர் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவிலே, மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். அமெரிக்க மிசனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயைத் தம் களமாகக் கொண்டார். அதே 1847இலேதான் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவம் பார்ப்போர் குளோரின் கலந்த சுண்ணாம்புநீரிற் கைகழுவினால் பிரசவசுரத்தால் மாயும் தாய்மார் தொகை குறையுமெனக் கண்டார். கண்டும், வைத்திய உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. மகப்பேறு எந்நாட்டிலும் மறுபிறப்பாயிருந்த காலம் அது.

கிறீன் 1848இல் மாணவருக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார், முதலில் ஆங்கிலத்திலேதான். ஆங்கிலத்திற் கற்றவரோ உத்தியோகம் நாடி அயலூர் சென்றனர். கிராமத்து நோயாளி பழைய நிலையிலேயே இருந்தார். 1862இல் இரண்டாம் முறை வந்த கிறீன், இனித் தமிழிலேயே கற்பிப்பதெனத் துணிந்தார். தமிழிற் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிட்டாதே என்று பலர் தயங்கினர். கிட்டாவிடின் ஊரிலேயே தங்குவர் என்பதே கிறீன் கண்ட நன்மை! அவரிடம் பயின்றோர் 60க்கு மேற்பட்டோர். அவருள் 30க்கு மேற்பட்டோர் தமிழிலே கற்றவர்.

நூல்களும் எழுந்தன. மோன்செல் என்பாரின் பிரசவ நூல் 1857இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. பின்னர் இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என ஒவ்வொன்றாய் வந்தன. இவற்றின் நடை இன்றைய மாணவருக்குக் கரடுமுரடாய்த் தோன்றும். வடசொல் மிகுதி எமக்கும் உவப்பன்று. அவற்றிற் சொன்ன சிகிச்சை பலவும் காலங்கடந்தன. ஆயினும், நச்சுக்கொடி, உதிரப்போக்கு என்று தாய்மார் வாயில் வழங்கும் சொல்லாலேயே வைத்தியன் அவர்களுக்குப் பதில் கூறலாம் என்பதை ஒரு பிறநாட்டார் நம்பினார். நம்மவர் பலர் நம்பவில்லை.

அவர் வந்த நோக்கம் தம் சமயத்தைப் பரப்புதல். இந்துக் கல்லூரியிற் கற்ற யாம் அதனை மறைத்தெழுத வேண்டியதில்லை. எனினும் தம் மாணவர் உடையாலும் வழக்கத்தாலும் தமிழராகவே இருத்தல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார்.

உடல்நலங் குன்றி 1873இல் தாயகம் திரும்பியபின்னும் மொழிபெயர்ப்பை விட்டாரல்லர். அங்கிருந்தே கையெழுத்துப் படிகளைத் திருத்தி வந்தார். 1884 மே மாதத்தில் வூஸ்ரரிற் காலமானார். தாம் தமிழருக்கு வைத்தியஞ் செய்த ஊழியர் என்பதைக் கல்லறையிற் பொறிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறித்தனர்.