மொழி கற்போர்க்குக் கைகொடுத்த வீரமாமுனிவர்

மேல்நாட்டிலிருந்து வந்து தமிழன்னைக்குத் தொண்டு செய்த பெரியோர் பலர். அவர்களுள் தலைசிறந்தவர் வீரமாமுனிவர். தேம்பாவணி தந்த புலவராகவே நாம் அவரைப் போற்றுகிறோம். ஆனால் அவர் ஒரு நல்லாசிரியரும் ஆவார்.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். இளைஞர்களின் பாதுகாவலரான புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் அவ்வூரிலேயே. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவரது இயற்பெயர். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, குருவாகி, 1710-இல் கோவா வந்திறங்கினார். பின்னர் காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி முதலிய ஊர்களில் இறைப்பணி ஆற்றினார்.

ஏறக்குறைய முப்பது வயதில் அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். நாவில் படியாத எழுத்துகள், தலைகீழாய் அமைந்த வாக்கியங்கள் என அவர் பட்ட பாட்டை நாம் எண்ணிப் பார்க்கலாம். எனினும் விடாமுயற்சியால் தமிழ்க் கடலில் மூழ்கி முத்தெடுத்தார். புனித சூசையப்பரின் வரலாற்றை 3,615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடினார். 1732-இல் சதுரகராதியை இயற்றி, செய்யுளாய் இருந்த நிகண்டுகளின் சொற்களை அகர வரிசையில் எளிதாகத் தேட வழி செய்தார்.

தாம் கரையேறியதோடு அவர் நின்றுவிடவில்லை. பின்னால் வருவோர்க்குப் பாலம் அமைத்தார். இத்தாலி, போர்ச்சுகல், பிரான்சு எனப் பல நாடுகளிலிருந்து வந்த குருக்கள் அனைவரும் அறிந்த மொழி இலத்தீன். ஆகவே பேச்சுத் தமிழின் இலக்கணத்தை அவர் இலத்தீனிலேயே எழுதினார். அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. தமிழ்–இலத்தீன் அகராதியும் செய்தார். பரமார்த்த குரு கதையைத் தமிழில் எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பையும் உடன் தந்தார். தெரிந்த மொழியின் கையைப் பிடித்துத் தெரியாத மொழிக்குள் நடக்க வைத்தார். சிரித்துக்கொண்டே கற்கவும் செய்தார்!

1747-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை. 1822-இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர், தமிழ் கற்கும் ஆங்கிலேயர்களுக்காகப் பரமார்த்த குரு கதையை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பொருளோடும் இலண்டனில் வெளியிட்டார்.

தமிழ் கற்க வந்த ஆங்கிலேயருக்கு அவரது தாய்மொழி உதவியதென்றால், ஆங்கிலம் கற்கும் நமக்கு நம் தமிழ் உதவாதா? நம் நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களில் தமிழ்வழி படித்து ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த எங்களில் பலர், ஆங்கில வகுப்பில் வாய் திறக்க அஞ்சி அமர்ந்திருந்தோம். தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று எண்ணினோம். ஒருநாள் ஆசிரியை, தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டி நிற்கும், ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்யும் சொல் முன்னால் வந்து நிற்கும் என்று கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினார். ஐந்தாம் வகுப்பிலேயே கற்ற தமிழ் இலக்கணம் அன்று எங்களுக்கு விளக்காயிற்று.

பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்தபின் தலைகளை எண்ணிய கதை யாவரும் அறிந்ததே. எண்ணியவன் தன்னை விட்டு எண்ணியதால் ஒருவர் குறைந்தார். எல்லோரும் ஒப்பாரி வைத்தனர். தாய்மொழியை விட்டுவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாதென்று அழும் மாணவியும் அச்சீடனைப் போன்றவளே அல்லவா?

அன்புத் தோழியரே! நம்மிடம் இருப்பதையும் சேர்த்தே எண்ணுவோம். கற்றதை, பின்னால் வரும் தங்கையருக்கும் புரியும் மொழியில் எடுத்துச் சொல்வோம். அதுவே வீரமாமுனிவருக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகும்.