பூஜ்ஜியத்துக்கு விதி எழுதியவர்

கணித மேதை பிரம்மகுப்தரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் கி.பி. 598-இல் பிறந்தார். தந்தை பெயர் ஜிஷ்ணு. இன்று ராஜஸ்தானில் பின்மால் எனப்படும் ஊரில் வாழ்ந்தார். 628-இல், 30 வயதில், 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' என்ற நூலை எழுதினார். பூஜ்ஜியத்தையும் ஓர் எண்ணாகவே வைத்து விதிகள் தந்தார். மிகை எண்ணைச் சொத்து என்றும், குறை எண்ணைக் கடன் என்றும் விளக்கினார்.

ஆனா வகுத்தலில் தடுமாறிட்டார். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று எழுதினார். அது தவறு.

நானும் அங்கேதான் மாட்டினேன். ஒரு கணக்கில் தொகுதி எக்ஸ் வர்க்கம் கழித்தல் 9. பகுதி எக்ஸ் கழித்தல் 3. சுருக்கினால் எக்ஸ் கூட்டல் 3 வரும். எக்ஸ் 3 என்றால் விடை 6 என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். அழுகையே வந்துடுச்சு.

அப்புறம்தான் புரிஞ்சுது. 3 போட்டால் மேலேயும் பூஜ்ஜியம், கீழேயும் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை 6-ஆல் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான், 7-ஆல் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். அப்போ எது விடை? ஒன்றைச் சொல்லவே முடியாது. அதனால் மதிப்பகத்தில் 3-ஐ மட்டும் விலக்க வேண்டும். மற்ற எல்லா எண்ணும் வரலாம்.

பிரம்மகுப்தர் அதோடு நிற்கவில்லை. 67 வயதிலும், 665-இல், 'கண்டகாத்யகம்' எழுதினார். அவர் கணக்கு பாக்தாத் வரை போய் அரபு மொழியிலும் வந்தது.

மேதைக்கே தப்பு வந்திருக்கு. நாம் ஏன் நோட்டை மூடணும்? சுருக்குவதற்கு முன்னாடி, பகுதி எப்போ பூஜ்ஜியம் ஆகும்னு பாருங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி